ஈரம்பட்ட ஒலிபெருக்கியும் மறைக்கக் கூடாத குறையும்



மழைவெள்ளம் வாசலை நெருங்கும்போது நாம் முதலில் உயரத்தில் ஏற்றி வைப்பவை குர்ஆன் பிரதிகளும் ஆவணங்களும் அரிசி மூட்டையும்தான். தரையில் நிற்கும் ஒலிபெருக்கியைப் பெரும்பாலும் எவரும் நினைப்பதில்லை. 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் தாக்கிய 2023 டிசம்பரிலும் சென்னையில் வீடுகளுக்குள் புகுந்த நீர் எண்ணற்ற மின்சாதனங்களை நனைத்தது. வெள்ளம் வடிந்தபின் அப்பொருள்களை என்ன செய்வது என்பதில் இரு பிழைகள் நம்மிடையே காணப்படுகின்றன. ஒன்று அவசரத்தால் வருவது. மற்றொன்று அமானிதம் குறைவதால் வருவது.

"வேலை செய்கிறதா, பார்ப்போம்" என்று உடனே மின்சாரத்தில் இணைப்பது முதற்பிழை. ஈரம் உள்ளே இருக்கும்போது மின்சாரம் பாய்ந்தால் சுற்றுப்பலகை கருகும். தொடுபவரின் உயிருக்கும் ஆபத்து. மெயின் சுவிட்சை அணைத்த பிறகே இணைப்பைக் கழற்ற வேண்டும். சேற்றை மென்துணியால் துடைத்து, நிழலில், மின்விசிறிக் காற்றில் பல நாள்கள் உலரவிட வேண்டும். கடும் வெயிலும் சூடான காற்றும் பசையை இளக்கி, காகிதக் கூம்பை வளைத்துவிடும். அரிசிக்குள் புதைப்பதால் பயனில்லை. பேட்டரி உள்ள புளூடூத் ஸ்பீக்கர் நனைந்திருந்தால் சார்ஜ் போடவே கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பற்றக்கூடும். உலர்ந்த பின்னரும் மெக்கானிக் திறந்து பார்த்த பிறகே இயக்குவது நலம்.

இனி இரண்டாவது பிழைக்கு வருவோம். உலர்ந்த ஸ்பீக்கர் இன்று ஒலிக்கிறது என்பதற்காக அது நலமாக உள்ளது என்று பொருளல்ல. காந்த இடுக்கில் துரு மெல்லப் படரும். கம்பிச்சுருளின் இணைப்பு அரிக்கப்படும். நீர் குடித்த மரத்தூள் பலகை உப்பி உதிரும். சில மாதங்கள் கழித்தே குறை வெளிப்படும். இதனை அறிந்துகொண்டே துடைத்துப் பளபளப்பாக்கி, நனைந்த செய்தியைச் சொல்லாமல் விற்பவர் உண்டு. "பழைய பொருளை வாங்குபவர்தானே பார்த்து வாங்க வேண்டும்?" என்பது அவர்கள் வாதம். பார்த்தால் தெரியாத குறையை எப்படிப் பார்ப்பது?

நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்ததாக வணிகர் கூறினார். மக்கள் காணும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அவர்கள் கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மழை பெய்தது அந்த வணிகரின் குற்றமன்று. ஈரத்தை அடியில் மறைத்ததே குற்றம். நமது ஒலிபெருக்கிக்கும் இதுவே அளவுகோல். குறை மறைக்கப்பட்ட பொருளைத் திருப்பித் தரும் உரிமையை ஃபிக்ஹ் சட்டம் வாங்கியவருக்கு வழங்குகிறது. உண்மையைச் சொன்னால் விலை குறையும்தான். ஆயினும் உதிரிபாகத்திற்காக வாங்குவோர் இருக்கின்றனர். அந்தச் சிறு தொகையில் பரக்கத் உண்டு.

விற்க இயலாததை மதரஸாவுக்கு அன்பளிப்பாக அனுப்பும் வழக்கமும் நம்மிடையே இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டாலன்றி நாமே ஏற்காத மட்டமான பொருளைத் தர்மத்திற்கெனத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று அல்பகரா அத்தியாயத்தின் 267ஆம் வசனம் தடுக்கிறது. பிள்ளைகள் தொட்டு இயக்கும் இடத்தில், நீர் புகுந்த ஆம்ப்ளிஃபயரை வைப்பது நன்மையாகுமா? கொடுக்க விரும்பினால் பழுது நீக்கி, நடந்ததைச் சொல்லிக் கொடுப்போம். பழுது நீக்க முடியாததைக் குப்பைமேட்டில் வீசாமல், மின்னணுக் கழிவு பெறும் அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி நிலையத்தில் ஒப்படைப்போம்.

நனைந்த பொருளுக்கு மாற்று வாங்கிக்கொள்ளலாம். குறையை மறைத்து ஈட்டிய காசைப் பிள்ளைகளின் உணவில் கலந்துவிட்டால் அதைப் பிரித்தெடுக்க வழியில்லை. வல்ல அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலைத் தூய்மையாக்கி அருள்வானாக! ஆமீன்.