டயர் வெடிப்பது தெய்வச் செயலா?



சென்ற வாரம் சம்பந்தி வீட்டாரோடு ஒரு மனத்தாங்கல். ஆவணி முகூர்த்தத்துக்குக் கும்பகோணம் போக ஒரு வேன் பேசியிருக்கிறார்கள். அந்த வேனில் நானும் ஏறமாட்டேன், பேரப்பிள்ளைகளையும் ஏற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "கிழவருக்கு இன்னும் உயிர்மேல் ஆசை விடவில்லை" என்று பேசிக்கொள்கிறார்களாம். ஆசை இருக்கத்தான் செய்கிறது. ஏன் மறுத்தேன் என்பதை எழுதிவிடுகிறேன். யார் பக்கம் நியாயம் என்று நீங்களே சொல்லுங்கள்.

2025 மே மாதம் இதே வேனில்தான் நவக்கிரகக் கோயில்களுக்குக் கிளம்பினோம். மூன்று நாள் பயணம். அரிசி மூட்டை, குண்டான், பாய், ஸ்டவ், சிலிண்டர் எல்லாம் உள்ளே. நான் புதுச்சேரியில் மாமா வீட்டில் தங்கி பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். சமையலறையும் படுக்கையும் உள்ள வண்டிக்கு அங்கே 'காம்ப்பிங் கார்' என்று பெயர். நம் ஊர்க் காம்ப்பிங் கார் இந்த டூர் வேன்தான். பன்னிரண்டு பேர் உட்காரும் வண்டியில் பதினேழு பேர் உட்கார்ந்திருந்தோம்.

புறப்படுமுன் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். பூசணிக்காய் உடைத்தோம். காற்று எவ்வளவு இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை, நான் உட்பட.

சின்னசேலம் தாண்டி, கள்ளக்குறிச்சி தாண்டி, தியாகதுருகத்துக்கும் எலவனாசூர்கோட்டைக்கும் நடுவில் உச்சி வெயிலில் பின்பக்க இடது டயர் வெடித்தது. வெடிகுண்டு போல ஒரு சத்தம். வண்டியின் பின்பாகம் ஆடியது. பின்னால் இருந்த நான் "பிரேக் போடுப்பா!" என்று கத்தினேன். நல்லவேளையாக டிரைவர் தம்பி என் பேச்சைக் கேட்கவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, ஆக்சிலேட்டரிலிருந்து மட்டும் காலை எடுத்தான். வண்டி தானாக வேகம் குறைந்த பிறகு மெதுவாக இடது ஓரம் ஒதுக்கினான். "ஐயா, அந்த நேரத்தில் பிரேக்கை மிதித்திருந்தால் வண்டி சுழன்று கவிழ்ந்திருக்கும்" என்று பிறகு சொன்னான். எல்லாரையும் இறக்கி, சாலையை விட்டுத் தள்ளி ஒரு புளியமரத்தடியில் உட்காரவைத்துவிட்டு, வண்டிக்குப் பின்னால் தூரமாக முக்கோணப் பலகையை வைத்த பிறகுதான் ஜாக்கியைத் தொட்டான்.

உயிர் பிழைத்தோம். ஊர் திரும்பியதும் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தார்கள். வைக்கட்டும், நானும் போய்க் கும்பிட்டேன். ஆனால் அந்தத் தம்பிக்கு ஒரு வேட்டி துண்டு வாங்கிக்கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. வேன்காரரையும் ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. "கண்டம் இருந்தது, டயரோடு போச்சு" என்றார் சம்பந்தி. அன்று ஆரம்பித்ததுதான் எங்கள் சண்டை.

மரத்தடியில் கிடந்த அந்த டயரை நான் பார்த்தேன். பக்கவாட்டில் 'டிஓடி' என்று தொடங்கும் வரிசையின் முடிவில் நாலு எண்கள் இருக்கும். முதல் இரண்டு எண்கள் தயாரித்த வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. அதில் 2216 என்று இருந்தது. 2016ஆம் ஆண்டின் 22ஆவது வாரம். ஒன்பது வயது! ஓரமெல்லாம் வெடிப்பு. வேன்காரரிடம் கேட்டதற்கு, "செகண்ட் ஹேண்டில் வாங்கினேன் சார், பட்டன் நல்லா இருந்துச்சு" என்றார். பட்டன் தேயாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும் என்பதை அவருக்கு யார் சொல்வது? மாற்றிப் போட்ட ஸ்டெப்னியும் அதே வயசுதான். அந்த ஸ்டெப்னிதான் இன்றுவரை ஓடுகிறது. அந்த வண்டியைத்தான் ஆவணிக்குப் பேசியிருக்கிறார்கள்.

டயர் வெடிப்பதில் மாயம் எதுவும் இல்லை. காற்று குறைந்தால் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிரும். அதனால் சூடு ஏறும். பாரம் கூடினால் இன்னும் மடங்கும், வேகம் கூடினால் இன்னும் சூடேறும். உள்ளே ஒட்டியிருக்கும் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து ஒரு கட்டத்தில் வெடிக்கும். மே மாதத் தார்ச்சாலை கடைசித் தள்ளுதலைத்தான் கொடுக்கிறது. மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் அன்றே சொன்னார். நாம் பதினேழு பேரோடு சிலிண்டரையும் ஏற்றுகிறோம்.

"ரீட்ரேட் டயர்தான் எமன்" என்று சிலர் சொல்வார்கள். அதுவும் சரியில்லை. விமான டயர்களையே முறைப்படி ரீட்ரேட் செய்து ஓட்டுகிறார்கள். அடிக்கூடு திடமாக இருக்கிறதா என்று பார்க்காமல் ரப்பரை ஒட்டுவதுதான் தப்பு.

1895இல் மிஷலின் சகோதரர்கள் பாரிஸிலிருந்து போர்தோவுக்குப் போய்த் திரும்பும் பந்தயத்தில் முதன்முதலாகக் காற்று டயர் போட்ட காரை ஓட்டினார்கள். வழியெல்லாம் பஞ்சர் ஒட்டிக்கொண்டே போனார்கள். அந்தக் காலத்தில் அதை விதி என்று சொல்லியிருக்கலாம். 130 வருஷம் கழித்தும் அதையே சொல்வது சோம்பேறித்தனம்.

நீதிமன்றமும் இதைச் சொல்லிவிட்டது. 2010இல் மகாராஷ்டிரத்தில் ஒரு காரின் டயர் வெடித்து ஒருவர் இறந்தார். நஷ்டஈடாக சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னது தீர்ப்பாயம். டயர் வெடித்தது 'கடவுள் செயல்', ஆகவே தரமுடியாது என்று மேல்முறையீடு செய்தது காப்பீட்டு நிறுவனம். 2023 பிப்ரவரியில் மும்பை உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. டயர் வெடிப்பது இயற்கைச் சீற்றம் அல்ல, மனிதரின் கவனக்குறைவு என்றது. பிரெஞ்சுச் சட்டத்தில் இதை 'ஃபோர்ஸ் மஜேர்' என்பார்கள். முன்கூட்டித் தெரிந்திருக்கக் கூடாது, தடுக்க முடிந்திருக்கக் கூடாது, வெளியிலிருந்து வந்திருக்க வேண்டும். இந்த மூன்றில் எது ஒன்பது வயது டயருக்குப் பொருந்துகிறது?

அரசுப் பணியில் இருந்தபோது எத்தனையோ விபத்து நிவாரண மனுக்களைப் படித்துக் குறிப்பு எழுதியிருக்கிறேன். காரணம் என்ற இடத்தில் 'டயர் வெடித்ததால்' என்று எழுதிக் கோப்பை மேலே அனுப்புவேன். டயர் ஏன் வெடித்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அந்த வெட்கமும் சேர்ந்துதான் இப்போது இப்படிப் பேச வைக்கிறது.

சம்பந்தி அவர்களே, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். தெய்வத்தின்மேல் எனக்கும் பக்தி உண்டு. நாம் காசு மிச்சம் பிடித்ததற்குத் தெய்வத்தைப் பொறுப்பாக்குவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வேன்காரரிடம் நாலு சக்கரத்தின் எண்ணையும் ஸ்டெப்னியின் எண்ணையும் கேளுங்கள். புது டயர் போட்டு, பன்னிரண்டு பேருக்குமேல் ஏற்றாமல், காலையில் டயர் சூடேறுமுன் காற்று பார்த்துவிட்டு, அந்தத் தம்பியே ஓட்டுவதாக இருந்தால் நான் முதல் ஆளாக வந்து ஏறுகிறேன். எலுமிச்சம்பழமும் நானே வாங்கி வருகிறேன்.