யாருடைய சொல் சான்று?

விக்கிப்பீடியாவில், உயிருடன் இருப்போரைப் பற்றிய பிழையைத் திருத்தப் போனால் வெளியான சான்று கேட்கிறார்கள். கேட்பது முறைதான். 2005இல் அமெரிக்க இதழாளர் ஜான் சீகன்தாலரைக் கென்னடி கொலையோடு பிணைத்த பொய், நான்கு மாதங்கள் அங்கே நிலைத்திருந்தது. ஆயின் 2012இல், தம் நாவலுக்குத் தூண்டுதல் எதுவென்று பிலிப் ராத்தே சொல்லியும் போதாதென்றனர். அவர் நியூயார்க்கர் இதழில் திறந்த மடல் எழுத நேர்ந்தது.

நீலகிரியின் கோத்தர் இசைக்கலைஞருக்கும் தோடர் பூத்தையல் பெண்ணுக்கும் எந்த நியூயார்க்கர் உண்டு? அவர்களைப் பற்றி அச்சேறியதில் பெரும்பகுதி அயலார் எழுதியது. அதிலுள்ள பிழை சான்றாகிறது. அவர்தம் வாய்மொழியோ வதந்தியாகிறது. இதை நாம் ஏற்பதற்கில்லை. ஐயத்துக்குரிய வரியை முதலில் நீக்க வேண்டும், வாதம் பிறகு. நம் சிற்றிதழ்களும் கல்லூரிகளும் அவர்களின் நேர்காணல்களை இன்றே, நாள் குறித்து வெளியிட வேண்டும். இரங்கல் மலர்வரை காத்திருப்பது இலக்கியப் பணி ஆகாது.