இரவில் குளத்தில் வாணவேடிக்கை: பிள்ளைகளோடு படகில் ஏறலாமா?



வாசக சகோதரி ஒருவரின் கடிதத்திற்கு இம்மாதம் பதில் எழுத வேண்டியிருக்கிறது. ஆண்டு முடிவில் அவர்கள் குடும்பத்தோடு சீகிரியாவுக்குப் போகிறார்கள். மாமா, மாமி, மச்சான்மார், மதினிமார், பிள்ளைகள் என்று இரண்டு வான் நிறைய ஆட்கள். டிசம்பர் 31 இரவு தங்குமிடத்தில் வாணவேடிக்கை உண்டாம். பக்கத்தில் உள்ள குளத்தில் படகேறிப் பார்த்தால் வானமும் தண்ணீரும் சேர்ந்து ஒளிரும் என்று கணவரின் நண்பர் ஆசை காட்டியிருக்கிறார். சகோதரிக்கு மனம் ஒப்பவில்லை. "பிள்ளைகளில் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. வேண்டாம் என்று சொன்னால் எல்லோருடைய சந்தோஷத்தையும் நான் கெடுக்கிறேன் என்கிறார்கள். நான் அவ்வளவு பயந்தவளா?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

புத்தாண்டு இரவைக் கொண்டாடுவது நமக்குத் தகுமா என்பது தனிக் கேள்வி. அதை இதில் கலக்கப் போவதில்லை. சகோதரி கேட்டது பிள்ளைகளின் உயிரைப் பற்றி. அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

சீகிரியா, ஹபரணைப் பக்கம் போனவர்களுக்கு அந்தப் படகுகளைத் தெரியும். ஹிரிவடுன்ன போன்ற கிராமங்களில் மாட்டு வண்டியில் ஏற்றிக் குளக்கரைக்குக் கொண்டு போவார்கள். அங்கே இரண்டு தோணிகளைப் பக்கம் பக்கமாகச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை போட்ட படகு நிற்கும். படகோட்டி துடுப்பு வலிப்பார். தாமரை இலையில் தொப்பி செய்து பிள்ளைகளின் தலையில் வைப்பார். பகல் வெளிச்சத்தில், காற்றில்லாத குளத்தில், அளவான ஆட்களோடு போனால் அது நல்ல பயணம்தான். இரட்டைத் தோணி ஒற்றைத் தோணியைப் போல இலகுவில் புரளாது. அந்தப் படகோட்டிகளும் தங்கள் குளத்தை அறிந்தவர்கள். அவர்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை.

ஆனால் அதே படகு இரவில் வேறு படகாகி விடுகிறது. விளக்கு இல்லை. எதிரே வரும் படகு தெரியாது. தண்ணீருக்குள் நிற்கும் பட்ட மரக் கட்டைகள் தெரியாது. நம் வறண்ட பிரதேசக் குளங்களில் இப்படிக் கட்டைகள் நிறைய உண்டு, முதலையும் உண்டு. சீகிரியாக் குன்றைச் சுற்றியுள்ள பழைய அகழியின் கரையிலேயே முதலை எச்சரிக்கைப் பலகை நட்டிருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள்.

வாணவேடிக்கை தொடங்கியதும் இருட்டு இன்னும் கூடுகிறது. இது பலருக்குப் புதுமையாக இருக்கலாம். நம் கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் எடுக்கும். பெரிய வெளிச்சம் ஒன்று பட்டால் அந்தப் பழக்கம் ஒரு நொடியில் போய்விடும். அடுப்படியில் நெருப்பைப் பார்த்துவிட்டு இருட்டு முற்றத்தில் கால் வைத்துப் பாருங்கள், படி எங்கே என்று தெரியாது. படகோட்டியின் கண்ணும் அப்படித்தான். வானத்தில் வெடி பூத்து அடங்கிய பிறகு, கரை எந்தப் பக்கம் என்று தேடும் நேரத்தில் அவர் ஏறக்குறையக் குருடர். புகையும் தண்ணீரின் மேல் தங்கி நிற்கும்.

வாணவேடிக்கை பார்க்கப் படகில் போனவர்களுக்கு நேர்ந்த இரண்டு விபத்துகளைச் சொல்கிறேன். இரண்டும் 2012ஆம் ஆண்டில் நடந்தவை. அமெரிக்காவில் நியூயோர்க்கை அடுத்த லாங் ஐலண்டில் ஜூலை 4 அன்று, அவர்களுடைய சுதந்திர தின வாணவேடிக்கையைப் பார்த்துவிட்டு ஒரு படகு திரும்பிக் கொண்டிருந்தது. முப்பத்து நான்கு அடி நீளம். அதில் 27 பேர். படகு கவிழ்ந்தது. பெரியவர்கள் தப்பினார்கள். கீழ் அறைக்குள் இருந்த மூன்று பிள்ளைகள் இறந்தார்கள், வயது 12, 11, 7. பத்திரமாக இருக்கட்டும் என்றுதானே நாமும் பிள்ளைகளை உள்ளே அனுப்புவோம்? கவிழ்கிற படகில் உள்ளறைதான் தப்பிக்க முடியாத இடம்.

அடுத்தது ஹொங்கொங். அதே ஆண்டு அக்டோபர் 1, சீனாவின் தேசிய தினம். மின்சாரக் கம்பெனி ஒன்று தன் ஊழியர்களையும் அவர்கள் குடும்பங்களையும் துறைமுகத்தில் வாணவேடிக்கை காட்டப் படகில் அழைத்துப் போனது. லம்மா தீவை விட்டுப் புறப்பட்ட சிறிது நேரத்தில், இரவு எட்டரை மணிக்குள், எதிரே வந்த பயணிகள் படகு அதன் மேல் மோதியது. இரண்டு நிமிடத்துக்குள் படகின் பின்பகுதி தண்ணீருக்குள் போய்விட்டது. 39 பேர் இறந்தார்கள். அதில் 8 பேர் பிள்ளைகள். பின்னர் நடந்த விசாரணையில் வெளிவந்தவற்றில் ஒன்று என் மனத்தை விட்டு அகலவில்லை. அத்தனை பிள்ளைகளை ஏற்றிய படகில் பிள்ளைகளுக்கான உயிர்காப்பு அங்கி ஒன்றுகூட இல்லை. ஹொங்கொங் பணமும் சட்டமும் உள்ள ஊர். அங்கேயே அப்படி என்றால் நம் கிராமத்துக் குளத்தில் என்ன இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

கவனித்தீர்களா? இந்த இரண்டிலும் வெடி வந்து யார் மேலும் விழவில்லை. ஒன்று போகும் வழியில் நடந்தது, மற்றது திரும்பும் வழியில். வாணவேடிக்கை இரவில் நாம் அஞ்சுவது தீப்பொறிக்கு. ஆபத்து இருப்பதோ இருட்டிலும், நெரிசலிலும், முடிந்தவுடன் எல்லாப் படகும் ஒரே நேரத்தில் ஒரே துறைக்குத் திரும்பும் அவசரத்திலும்.

அதற்காகத் தீப்பொறி ஒன்றுமில்லை என்று எண்ண வேண்டாம். குழாயிலிருந்து வானுக்கு ஏவும் வெடிக்குண்டுக்கு அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதியில் ஒரு கணக்கு இருக்கிறது. குண்டின் விட்டம் ஓர் அங்குலமென்றால், பார்ப்பவர்கள் 70 அடி தள்ளி நிற்க வேண்டும். மூன்று அங்குலக் குண்டுக்கு 210 அடி, ஆறு அங்குலத்துக்கு 420 அடி. கரையில் என்றால் கயிறு கட்டி ஆட்களை நிறுத்தலாம். தண்ணீரில் கயிறு கட்டுவது யார்? காற்று தள்ளத் தள்ளப் படகு தானாகவே அருகில் போய்விடும். வெடிக்காமல் விழுந்த குண்டு மிதந்து வரும், மறுநாள் கரையோரத்தில் பிள்ளைகளின் கையில் அகப்படும். அதைத் தொடவே விடாதீர்கள்.

இன்னொன்று, எல்லோரும் ஒரு பக்கம் சாய்வது. 2009 செப்டம்பர் 30 அன்று கேரளத்தின் தேக்கடி ஏரியில் இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் காட்டு மிருகங்களைக் கண்டு பயணிகள் ஒரே பக்கம் விரைந்ததும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. "அதோ பார்!" என்று ஒருவர் கத்தியவுடன் எழுந்து ஓடுவது மனித சுபாவம். வாணவேடிக்கை என்பதே பதினைந்து நிமிடத்துக்கு இடைவிடாமல் "அதோ பார்!" என்று கத்துவதுதானே?

தூரத்து ஊர்க் கதையெல்லாம் எதற்கு என்பீர்கள். அதே கேரளத்தில் தானூர் மலப்புறம் மாவட்டத்துக் கடற்கரை ஊர். நம்மவர்கள் நிறைந்த ஊர். 2023 மே 7, ஞாயிற்றுக்கிழமை. பெருநாள் கழிந்து இரண்டு வாரம், பள்ளிக்கூட விடுமுறை. மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றி, அளவுக்கு மிஞ்சி ஆட்களை ஏற்றிக்கொண்டு மாலை மங்கிய பிறகு புறப்பட்டிருக்கிறார்கள். 22 பேர் திரும்பவில்லை. பாதிக்கு மேல் பிள்ளைகள். அவர்களில் 11 பேர் ஒரே குடும்பம். விடுமுறைக்கு ஒன்று கூடிய குடும்பம், சகோதரியின் இரண்டு வான் குடும்பத்தைப் போல.

சீகிரியாவிலிருந்து ஹபரணை போய் திருகோணமலை வீதியைப் பிடித்தால் கிண்ணியாவுக்கு வழி. அங்கே குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டும் வேலை நடந்தபோது மக்கள் இழுவைப் படகில் போய்வந்தார்கள். 2021 நவம்பர் 23 காலையில் அது கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் உட்பட 6 பேர் அன்றே மௌத்தானார்கள். அவர்கள் வேடிக்கை பார்க்கப் போகவில்லை, வேறு வழியின்றிப் போனார்கள். நமக்கு வேறு வழி இருக்கிறது.

இனி, "வேண்டாம்" என்று சொல்வது யார் என்ற கேள்வி. ஆண்கள் கூட்டமாக இருக்கும்போது ஒருவர் முகத்துக்காக மற்றவர் பேசாமல் இருந்து விடுகிறார்கள். படகோட்டி "இன்னும் நாலு பேர் ஏறலாம்" என்கிறார். காசு கொடுத்தாகி விட்டது. "அல்லாஹ் பார்த்துக்கொள்வான், ஏறுங்கள்" என்று ஒருவர் சொல்லி முடித்து விடுகிறார். தவக்குல் என்பதற்கு இதுவல்ல பொருள் என்று அவரவருக்கே தெரியும். நபி (ஸல்) அவர்கள் கப்பல் ஒன்றை உவமையாகச் சொன்னது புகாரியில் வருகிறது. கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் தண்ணீர் எடுக்கத் தங்கள் பக்கத்துப் பலகையில் துளையிட நினைக்கிறார்கள். மேலே இருப்பவர்கள் தடுத்தால் இரு சாராரும் பிழைப்பார்கள், நமக்கென்ன என்று விட்டால் இரு சாராரும் அழிவார்கள். சமுதாயத்துக்காகச் சொன்ன உவமை அது. படகுத் துறையில் நிற்கும்போது உவமை என்ற திரைகூட அதற்கு இல்லை. துறையில் நின்று தடுப்பவர் சந்தோஷத்தைக் கெடுப்பவர் அல்லர். சகோதரி கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். உங்கள் கணவருக்கு இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

இரவுப் படகு வேண்டாம் என்பது என் தீர்ந்த கருத்து. பகலில் போக விரும்பினால் தடையில்லை. ஆனால் சிலவற்றைப் பெண்கள்தாம் பார்க்க வேண்டும், ஏனென்றால் பிள்ளைகள் உங்கள் கையில்தான் இருக்கின்றன. ஏறுமுன் அங்கிகளை எண்ணுங்கள். தலைக்கு ஒன்று இல்லையென்றால் ஏறாதீர்கள். படகின் மூலையில் அடுக்கி வைத்த அங்கி கவிழும்போது கைக்கு வராது, கரையிலேயே போட்டுக் கட்ட வேண்டும். பெரியவர் அங்கியைச் சிறு பிள்ளைக்குப் போட்டால் தண்ணீரில் பிள்ளை கீழே நழுவும், அங்கி மட்டும் மிதக்கும். சோதிப்பது எளிது. வாரையெல்லாம் இறுக்கிக் கட்டியபின், தோள் பக்கம் அங்கியைப் பிடித்து மேலே தூக்குங்கள். அது பிள்ளையின் காதுவரை ஏறி வந்தால் அளவு பொருந்தவில்லை. கைக்குழந்தைக்குப் பொருந்துகிற அங்கி அந்தத் துறைகளில் கிடைப்பது அரிது. கைக்குழந்தையோடு ஒருவர் கரையில் தங்கிவிடுவதே சரி. குழந்தையை உங்கள் உடம்போடு துணியால் கட்டிக்கொண்டு மட்டும் ஏறாதீர்கள்.

அபாயாவுக்கு மேல் அந்த ஆரஞ்சு அங்கியைப் போடக் கூச்சப்படும் சகோதரிகளைக் கண்டிருக்கிறேன். சிலர் அதை மடியில் வைத்துக்கொள்கிறார்கள், சிலர் அபாயாவுக்கு உள்ளே போட முயல்கிறார்கள். மேலேதான் போட வேண்டும். அதில் மானக்கேடு எதுவும் இல்லை. நனைந்த அபாயா காலைச் சுற்றிக்கொள்ளும், நீந்தத் தெரிந்தவளையே உதைக்க விடாது. நம் பெண்களில் நீந்தத் தெரிந்தவர் எத்தனை பேர்? ஆண்பிள்ளைக்கு மட்டும் நீச்சல் பழக்கிப் பெண்பிள்ளையைக் கரையில் நிறுத்துகிற நம் வழக்கத்தைப் பற்றி இன்னொரு மாதம் விரிவாக எழுத வேண்டும், இன்ஷா அல்லாஹ்.

படகு கவிழ்ந்துவிட்டால் கரை பக்கத்தில் தெரிந்தாலும் அதை நோக்கிப் போக முயல வேண்டாம். கவிழ்ந்த தோணியும் மிதக்கும், அதைப் பிடித்துக்கொண்டே இருங்கள். கரையில் நிற்பவர்கள் குதித்துவிடக் கூடாது. துடுப்பு, கம்பு, கயிறு, நீண்ட துணி எதுவானாலும் நீட்டுங்கள். மூழ்குகிறவர் சினிமாவில் வருவதுபோல் கூச்சலிடுவதில்லை. மூச்சு விடவே வாய் போதாத நேரத்தில் கத்துவது எப்படி? ஆகவே தண்ணீரில் திடீரென்று அமைதியாகிவிட்ட பிள்ளையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நம் நாட்டில் இலவச அம்புலன்ஸுக்கு 1990, பொலிசுக்கு 119. புறப்படுமுன் எல்லோருடைய தொலைபேசியிலும் இவை இருக்கட்டும்.

வாணவேடிக்கையைப் பார்க்கவே வேண்டுமென்றால் தங்குமிடத்து முற்றத்தில் பாயை விரித்துப் பாருங்கள். குளக்கட்டில் வேண்டாம். இருட்டில் பிள்ளைகள் சறுக்குவார்கள், யானை வருகிற பகுதியும் அது. வானத்து வெளிச்சம் முற்றத்தில் இருந்தாலும் அதே வெளிச்சம்தான். மறுநாள் காலையில் வெயில் ஏறுமுன் அந்த இரட்டைத் தோணியில் போய்வாருங்கள். படகோட்டியிடம் எத்தனை பேர் ஏறலாம் என்று முதலில் கேளுங்கள், அவர் சொல்கிற தொகையில் இரண்டைக் குறைத்து ஏறுங்கள். இரண்டு வான் ஆட்களுக்கு நாலைந்து முறை போய்வர வேண்டியிருக்கும். அதற்குரிய காசை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.