வாயுள்ள பிள்ளையும் மருந்துக்கடைக் குறிப்பும்

சந்தைப்படுத்தல் துறையில் முன்னேறப் பேச்சுத்திறமையே முதல் தகுதி என்னும் நம்பிக்கை, தமிழகக் கல்லூரிகளின் வேலைவாய்ப்புப் பிரிவுகளிலும் பட்டம் முடித்த பிள்ளைகளின் வீடுகளிலும் கேள்விக்கு அப்பாற்பட்டதாக நிலைத்துவிட்டது. 'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்ற பழமொழி அதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. கலகலப்பாகப் பேசும் மாணவர் 'மார்க்கெட்டிங்' பக்கமும், அதிர்ந்து பேசாதவர் கணக்குப் பக்கமும் தள்ளப்படுகின்றனர். 'ஸ்போக்கன் இங்கிலீஷ்' வகுப்புக்குக் கட்டிய பணத்தை எதிர்காலத்துக்கான முதலீடாகக் கருதிப் பெற்றோரும் ஆறுதல் கொள்கின்றனர். இந்நம்பிக்கை பிழையானது, குறிப்பாகப் பொருள் சந்தைப்படுத்தல் என்னும் பிரிவில், அது இளைஞரை முதற்படியில் ஏற்றிவிட்டு அங்கேயே நிற்க வைத்துவிடுகிறது.

பொருள் சந்தைப்படுத்தல் என்பது, ஒரு பொருள் யாருக்குத் தேவைப்படுகிறது, அவர் இப்போது எதைக் கொண்டு சமாளிக்கிறார், என்ன சொன்னால் நம்புவார், என்ன விலைக்கு எந்த அளவில் வாங்குவார் என்பவற்றைக் கண்டறிந்து, அதன்படி பொருளின் விலை, பொதி, விளக்கம் ஆகியவற்றைத் தீர்மானிக்கும் பணியாகும். விற்பனை இதற்குப் பின்னால் வருவது. இப்பணிக்கு முதன்முதலில் எழுதப்பட்ட வரையறைகளுள் ஒன்று, அமெரிக்காவின் புராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனத்தில் காமே சோப்பின் விளம்பரத்தைக் கவனித்துவந்த நீல் மெக்கெல்ராய் 1931 மே 13 அன்று அனுப்பிய மூன்று பக்கக் குறிப்பாகும். ஒவ்வொரு சோப்புக்கும் தனிப் பொறுப்பாளர் வேண்டும் என்று வாதிட்ட அக்குறிப்பு, அப்பொறுப்பாளர் ஊர்வாரியாகச் சரக்குக் கணக்கைப் படிக்கவேண்டும், விற்பனை மந்தமான பகுதிக்கு நேரில் சென்று கடைக்காரரையும் வாங்குபவரையும் விசாரித்துக் காரணத்தைக் கண்டுபிடிக்கவேண்டும், பிறகு திட்டம் எழுதவேண்டும், அதன் விளைவையும் அளக்கவேண்டும் என்று கேட்டது. நாவன்மை அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. மெக்கெல்ராய் 1948-இல் அந்நிறுவனத்தின் தலைவராகவும் 1957-இல் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராகவும் உயர்ந்தார் என்பதால், முன்னேற்றத்துக்கு உதவாத ஏட்டறிவு என்று இதைத் தள்ளிவிட முடியாது.

அமெரிக்கச் சோப்பு மதுரைக்குப் பொருந்தாது என்று கருதுவோர் கோரிப்பாளையத்தைப் பார்க்கலாம். வைகையின் வடகரையில், தர்காவுக்கும் அரசு இராசாசி மருத்துவமனைக்கும் இடைப்பட்ட வட்டாரம், பனகல் சாலையின் மருந்துக்கடைகளாலும் பரிசோதனைக் கூடங்களாலும் தனியார் மருத்துவர்களாலும் நிறைந்தது. ஆகவே மருந்து நிறுவனப் பிரதிநிதிகள், அதாவது 'மெடிக்கல் ரெப்' என்று ஊரார் அழைக்கும் இளைஞர்கள், நாள்தோறும் வந்து குவியும் இடமாகவும் அது இருக்கிறது. தென்மாவட்டத்துப் பட்டதாரிக்குப் பொருள் சந்தைப்படுத்தல் துறையின் வாசல் பெரும்பாலும் இப்பிரதிநிதியின் தோள்பைதான். தோள்பைக்காரர் வாயால் பிழைப்பவர் என்று எண்ணுவோர், அவர் மருத்துவரின் அறைக்குள் இருக்கும் ஓரிரு நிமிடத்தை மட்டும் கணக்கில் கொள்கின்றனர். அந்த நிமிடத்துக்கு முன்னால் அவர் மருந்துக்கடை மேடையோரம் நின்று செய்யும் வேலை ஒன்று உண்டு. 'ஆர்.சி.பி.ஏ.' என்று தொழிலில் வழங்கும் அது, எந்த மருத்துவர் எந்த நோய்க்கு எந்த நிறுவனத்தின் மாத்திரையை எழுதுகிறார், நாளுக்கு எத்தனை சீட்டு வருகிறது, எழுதியது இருப்பில் இல்லாதபோது எது கைமாறுகிறது என்று கடைக்காரரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளும் தணிக்கையாகும். கூட்டமான மாலை வேளையில், சில்லறை எண்ணிக்கொண்டே பதில் சொல்லும் கடைக்காரரின் அரைகுறைச் சொற்களிலிருந்து ஒழுங்கான கணக்கைத் திரட்டுவதற்குப் பொறுமையும் காதும் வேண்டும். பத்து நாள் மாத்திரை எழுதிய சீட்டுக்கு நோயாளி ஐந்து நாளுக்கே காசு வைத்திருக்கிறார் என்ற செய்தி, பத்து மாத்திரை அட்டையா ஐந்து மாத்திரை அட்டையா என்று நிறுவனத்தின் மும்பை அலுவலகத்தில் நடக்கும் விவாதத்தைத் தீர்க்கக்கூடியது. அச்செய்தி பிறக்குமிடம் கோரிப்பாளையத்துக் கடை மேடை. அதைக் கேட்டு எழுதாமல், எண்ணிக்கையை வீட்டில் உட்கார்ந்து கற்பனையாக நிரப்பி அனுப்பும் வழக்கமும் தொழிலில் உண்டு என்பதைத் துறையினர் மறுக்கமாட்டார்கள்.

இவ்வாதத்துக்கு எதிராக வலுவான ஒரு கருத்து உண்டு: கதவு திறந்தபின் கிடைக்கும் அந்த ஓரிரு நிமிடத்தில் திக்கித் திணறுபவர் எவ்வளவு கணக்கு வைத்திருந்தும் பயனில்லை என்பது அது. தெளிவாகப் பேசும் பயிற்சி தேவை என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் தெளிவு வேறு, வாய்ச்சாலகம் வேறு. இரண்டாவதற்கு இருந்த இடமும் விதிப்படி சுருங்கிவருகிறது. மைய அரசின் மருந்துத் துறை 2024 மார்ச்சில் வெளியிட்ட சீரான மருந்துச் சந்தைப்படுத்தல் நெறிமுறை, மருத்துவருக்குப் பரிசு கொடுப்பதைத் தடுப்பதோடு, 'பாதுகாப்பானது' என்ற சொல்லைத் தகுந்த வரையறையின்றிப் பயன்படுத்தக்கூடாது என்றும், ஓராண்டுக்கு மேல் இந்தியாவில் பரவலாகக் கிடைத்துவரும் மருந்தைப் 'புதியது' என்று சொல்லக்கூடாது என்றும் கட்டுப்படுத்துகிறது. சொல்லுக்குச் சான்று கேட்கும் களத்தில், சான்றைப் படித்தவரே பேசத் தகுதியுடையவர்.

பதவி உயர்வின் பாதையைக் கவனித்தால் பிழை இன்னும் துலக்கமாகும். மருந்துப் பிரதிநிதிக்கு முன்னால் இரண்டு ஏணிகள் உள்ளன. ஒன்று, இலக்கை எட்டி, ஏரியா மேனேஜராகி, மண்டல மேலாளராகும் விற்பனை ஏணி, மற்றது, 'பி.எம்.டி.' எனப்படும் பொருள் மேலாண்மைக் குழுவில் சேர்ந்து, ஒரு மருந்தின் அல்லது மருந்துத் தொகுதியின் முழுப் பொறுப்பை ஏற்கும் ஏணி. இரண்டாவதில் ஏறுபவர் மருந்தியல் ஆய்வுக் கட்டுரையைப் படித்து விளங்கிக்கொள்ள வேண்டும். பிரதிநிதிகள் மருத்துவரிடம் காட்டும் 'விஷுவல் எய்ட்' என்னும் படவிளக்க ஏட்டுக்கு வாசகம் எழுதவேண்டும். 2013-ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையின்படி அட்டவணை மருந்துகளுக்கு விதிக்கப்படும் விலை உச்சவரம்பு தம் மருந்தைத் தொடுமா என்று கணக்கிடவேண்டும். வாயை மட்டும் நம்பி வந்தவர் பெரும்பாலும் முதல் ஏணியோடு நின்றுவிடுவதும், நாற்பது வயதில் கால்வலியோடும் இலக்கோடும் மல்லுக்கட்டுவதும் இதனால்தான். அவருக்கு உழைப்புக் குறைவில்லை. எழுதப் பழகவில்லை, எவரும் பழக்கவுமில்லை.

பேச்சைவிட விசாரணையே பொருளைக் கொண்டுசேர்க்கும் என்பதற்கு மதுரையே பெரிய சான்றைத் தந்திருக்கிறது. மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறையின் தலைவராக, அன்று எர்ஸ்கின் மருத்துவமனை என்று பெயர் பெற்றிருந்த இதே இராசாசி மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் கோ. வெங்கடசாமி, ஓய்வுக்குப்பின் 1976-இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மெக்டொனால்ட்ஸ் உணவகம் ஒரே தரத்தை ஊர்தோறும் கொண்டுசேர்ப்பதைப் போலக் கண் சிகிச்சையையும் சேர்க்க முடியாதா என்று கேட்டவர் அவர். அறுவைச் சிகிச்சை இலவசம் என்று அறிவித்தும் கண்புரை உள்ளவர்கள் முகாமுக்கு வராத நிலை இருந்தது. ஒலிபெருக்கியை இன்னும் உரக்க வைப்பதே இதற்குத் தீர்வு என்று பேச்சை நம்புபவர் சொல்லியிருப்பார். அரவிந்த் தடையைத் தேடியது: சிகிச்சைக்குக் காசில்லை என்றாலும் பேருந்துக்கும் சாப்பாட்டுக்கும் காசு வேண்டும், துணைக்கு வருபவரின் கூலி போகும், கத்தி வைத்தால் கண்ணே போய்விடும் என்ற பயமும் உண்டு. போக்குவரத்தும் உணவும் ஏற்பாடாயின. அதன்பின்னும் கண் குறை உள்ள கிராமத்தினரில் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேரே முகாம்களுக்கு வந்ததை 1999-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. பின்னர் ஊர்ப்பக்கத்திலேயே பார்வை மையங்கள் வந்தன.

பொருளிலும் அதே முறைதான். புரையை அகற்றியபின் சோடாபுட்டிக் கண்ணாடியோடு வீடு திரும்பிய ஏழைக்குக் கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் எட்டாக் கனியாக இருந்தது. இறக்குமதி லென்ஸ் 100 டாலர் அளவில் விற்றது. 1992-இல் மதுரையில் தொடங்கப்பட்ட, அரவிந்தின் தயாரிப்புப் பிரிவான ஆரோலேப், அதைச் சுமார் 10 டாலருக்குத் தந்து, பிறகு மேலும் குறைத்தது. மலிவான சரக்கு மட்டமாகத்தான் இருக்கும் என்ற ஐயத்தை அறுவைச் சிகிச்சை முடிவுகளாலும் சர்வதேசத் தரச் சான்றுகளாலும் கடந்து, இன்று அது 100-க்கு மேற்பட்ட நாடுகளுக்குச் செல்கிறது. விலை, தரச் சான்று, வாங்குபவரின் தயக்கம் ஆகிய மூன்றையும் அறிந்து அதற்கேற்பச் செயல்பட்டதைத்தான் பாடநூல்கள் பொருள் சந்தைப்படுத்தல் என்கின்றன.

மென்பொருள் துறையிலும், ஆங்கிலத்தின் பங்கு அங்கே கூடுதல் என்றாலும், நிலைமை வேறில்லை. திருச்சியைச் சேர்ந்த கிரீஷ் மாத்ருபூதம், சோகோ நிறுவனத்தில் பொருள் மேலாண்மைத் தலைமைவரை உயர்ந்து, பின்னாளில் ஃபிரெஷ்வொர்க்ஸ் எனப் பெயர் பெற்ற மென்பொருள் நிறுவனத்தை 2010-இல் தொடங்கினார். போட்டி நிறுவனம் விலையை ஏற்றியபோது வாடிக்கையாளர்கள் இணையத்தில் கொட்டிய எரிச்சலை அவர் வாசித்ததே அதற்குத் தூண்டுகோலாயிற்று.

கோரிப்பாளையத்தைச் சுற்றியுள்ள அமெரிக்கன் கல்லூரியிலும் மீனாட்சி அரசு மகளிர் கல்லூரியிலும், அவை போன்ற பிற கல்லூரிகளிலும் மார்க்கெட்டிங் பணிக்கு மாணவரைத் தேர்ந்து பயிற்றும் பொறுப்பில் இருப்போர், குழு விவாதத்தில் உரத்துப் பேசியவருக்கு மதிப்பெண் போடும் முறையைக் கைவிடவேண்டும். மாணவர் ஒவ்வொருவரையும் ஒரு மாலை மருந்துக்கடைக்கோ மளிகைக்கடைக்கோ அனுப்பி, ஒரு பொருள் ஏன் விற்கிறது, பக்கத்திலிருக்கும் இன்னொன்று ஏன் தூசி படிந்து கிடக்கிறது என்று ஒரு பக்கம், தமிழிலேயே ஆனாலும், எழுதி வரச் செய்து, அந்தப் பக்கத்தைக் கொண்டு தேர்வு செய்யட்டும்.