உங்கள் வண்டிக்கு நீங்களே ஆயில் மாற்றுங்கள்

சொந்தமாக ஒரு சரக்கு வண்டி வைத்து ஓட்டிப் பிழைப்பவர்களிடம் ஒரு பேச்சு ஊறிப்போயிருக்கிறது. "ஆயில் மாத்துறதுக்கெல்லாம் நாம எதுக்குண்ணே வண்டிக்கு அடியில படுக்கணும்? பைபாஸ் ஓரத்துல கடை இருக்கு. ஆயிலுக்குக் காசு குடுத்தா கூலியே கிடையாது. டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்." லாரித் தொழிலாலேயே வளர்ந்த நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோட்டிலும் இந்தப் பேச்சு உண்டு. கோயம்பேட்டுக்குக் காய்கறி ஏற்றி வரும் குட்டியானை ஓட்டுநர்களிடமும் உண்டு.

2005-ல் டாடா ஏஸும் 2011-ல் அசோக் லேலண்ட் தோஸ்த்தும் வந்தன. கூலிக்கு ஓட்டிக்கொண்டிருந்த பலர் இவற்றைத் தவணையில் எடுத்துத் தாங்களே முதலாளி ஆனார்கள். இவர்களுக்கு இருப்பது ஒரே வண்டி. அது ஒரு வாரம் ஒர்க்‌ஷாப்பில் நின்றால் வாடகையும் போகும், டியூவும் தவறும். அப்படிப்பட்டவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். ஆயிலைக் கடையில் மாற்றுவதே புத்திசாலித்தனம் என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இதில் மிச்சமாகும் பணம் இரண்டாம்பட்சம். வண்டியின் அடிவயிற்றை அதன் முதலாளியே பார்க்கக் கிடைக்கும் வழக்கமான வாய்ப்பு ஆயில் மாற்றும் நேரம்தான். அதை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு டீக்கடைக்குப் போவது பெரிய இழப்பு.

1. "கடையில் கூலி இல்லை, இலவசமாக மாற்றித் தருகிறார்கள்"

எந்தக் கடையும் இலவசத்தில் நடக்காது. கடைக்காரரின் வருமானம் இரண்டு இடத்திலிருந்து வருகிறது. ஒன்று, விற்கும் ஆயிலில் கிடைக்கும் லாபம். மற்றொன்று, உங்கள் வண்டியிலிருந்து வடித்தெடுக்கும் பழைய ஆயில். அதற்கும் சந்தையில் விலை உண்டு. இதில் தவறில்லை, அது அவர் தொழில். ஆனால் அவருக்கு எது நல்லது, உங்கள் இன்ஜினுக்கு எது நல்லது என்பவை இரண்டு வேறு கேள்விகள் என்பதை மறக்கக் கூடாது. லாபம் அதிகம் தரும் ஆயிலை அவர் முதலில் எடுத்து வைப்பார். சீக்கிரமே மறுபடி வரச் சொல்வார்.

பேரலில் இருந்து அளந்து ஊற்றும் லூஸ் ஆயில் என்றால் இன்னும் சிக்கல். அது எந்தத் தரம், எப்போது வந்தது, அதில் வேறு எதுவும் கலந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வழியே இல்லை. நீங்களே மாற்றுவதாக இருந்தால் பெட்ரோல் பங்க்கிலோ கம்பெனி டீலரிடமோ சீல் உடையாத கேனை பில்லுடன் வாங்குவீர்கள். மூடியைப் பார்ப்பீர்கள், தயாரித்த மாதத்தைப் பார்ப்பீர்கள். ஊற்றி முடித்ததும் அந்தக் கேனைக் கத்தியால் கிழித்துவிடுங்கள். போலி ஆயில் அடைக்கிறவர்களுக்கு வேண்டியது கிழியாத பழைய கேன்தான்.

2. "எல்லா ஆயிலும் ஒன்றுதான், கடைக்காரருக்குத் தெரியும்"

இந்த எண்ணத்துக்குத்தான் அதிக விலை கொடுக்க நேர்கிறது. டீசல் இன்ஜின் ஆயிலுக்கு ஏபிஐ என்ற அமெரிக்க பெட்ரோலிய அமைப்பின் தர வரிசை உலகெங்கும் வழக்கத்தில் இருக்கிறது. சிஐ-4 வந்தது 2002-ல், சிகே-4 வந்தது 2016-ல். கேனின் முதுகில் இந்த எழுத்துகள் இருக்கும். பழைய வண்டியில் சரியாக ஓடிய தரத்தைப் புதிய வண்டியில் ஊற்றினால் சேதம் வரலாம்.

காரணம் இதுதான். 2020 ஏப்ரல் 1 முதல் நாட்டில் விற்கும் புதிய வண்டிகள் பிஎஸ்-6 விதிக்கு உட்பட்டவை. இந்த டீசல் வண்டிகள் பலவற்றில் சைலன்சர் பாதையில் டிபிஎஃப் என்ற கரித்துகள் வடிகட்டி இருக்கிறது. இன்ஜினுக்குள் கொஞ்சம் ஆயிலும் சேர்ந்தே எரியும். ஆயிலில் கலந்துள்ள ரசாயனங்கள் எரிந்து விடும் சாம்பல் அந்த வடிகட்டியில் போய்ப் படியும். கரித்துகளைச் சூட்டில் எரித்து வெளியேற்றலாம், சாம்பலை எரிக்க முடியாது. படிந்தது படிந்ததுதான். அதனால்தான் சிகே-4 தரத்தில் சாம்பலுக்கு 1 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். வண்டியோடு வந்த புத்தகம் குறைந்த சாம்பல் ஆயில் கேட்டிருக்க, அவசரத்தில் கையில் கிடைத்ததை ஊற்றினால், அடைபட்ட வடிகட்டிக்கான செலவு பல முறை ஆயில் மாற்றிய செலவை விழுங்கிவிடும். அந்தப் புத்தகத்தைப் பிரித்துப் படிக்க வேண்டியவர் வண்டிக்காரர்தான். கடையில் நிற்கும் பையனுக்கு உங்களுக்கு முன்னால் வந்த வண்டியும் பின்னால் வரும் வண்டியும் ஒன்றுதான்.

3. "பத்து நிமிடத்தில் முடிகிற வேலைக்கு அரை நாளைக் கெடுப்பானேன்?"

வேகமாக முடிகிறது என்பதே இங்கே குறை. ஆயில் சேம்பரின் டிரெயின் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். முதலில் விரல் தடிமனுக்குக் கறுப்பாகக் கொட்டும். சில நிமிடங்களில் நூலாக இளைக்கும். அப்புறம் சொட்டும். பலர் நூலாகும்போதே போல்ட்டைப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் ஓடி நின்ற இன்ஜினின் மேல்பகுதியிலும் இடுக்குகளிலும் ஒட்டியிருக்கும் ஆயில் மெல்ல இறங்கி வருவது இந்தச் சொட்டும் நேரத்தில்தான். கரியும் அமிலமும் சேர்ந்த அந்த மிச்சத்தை உள்ளேயே விட்டால் புது ஆயில் முதல் நாளிலேயே அதைச் சுமக்கத் தொடங்கிவிடும். இன்ஜின் இளஞ்சூட்டில் இருக்கும்போது கழற்றிவிட்டு, அரை மணி நேரம் சொட்டவிட வேண்டும். அந்த அரை மணி நேரம் கடையில் கிடைப்பது அரிது. அடுத்த வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்.

ஃபில்டரும் அப்படித்தான். பழைய ஃபில்டரைச் சுழற்றிக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் சில சமயம் இன்ஜின் பக்கமே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். கறுத்துப்போய் இரும்போடு இரும்பாகத் தெரியும். விரலால் தடவிப் பார்த்தால்தான் அகப்படும். அதைக் கவனிக்காமல் புது ஃபில்டரை மாட்டினால் இரண்டு வளையம் ஒன்றின் மேல் ஒன்றாக உட்காரும். வண்டி நிற்கும்போது ஒன்றும் தெரியாது. பாதையில் ஆயில் பிரஷர் ஏறும்போது வளையம் பிதுங்கி, சில நிமிடங்களில் மொத்த ஆயிலும் ரோட்டில் கிடக்கும். பிரஷர் விளக்கைப் பார்த்து உடனே அணைக்காவிட்டால் இன்ஜின் ஜாம். ஒரு துணியும் ஒரு விரலும் அரை நிமிடமும் போதும், இந்தச் சேதத்தைத் தடுக்க. தன் வண்டி என்று நினைப்பவர் அந்த அரை நிமிடத்தைச் செலவழிப்பார்.

4. "நமக்கு அனுபவம் இல்லை, மரை போய்விட்டால்?"

நியாயமான பயம். சேம்பர் அலுமினியமாக இருந்தால் மரை எளிதில் போகும். ஆனால் மரை போவதற்குப் பெரும்பாலும் காரணம் அனுபவக் குறைவு கிடையாது. அவசரமும் அளவுக்கு மீறிய பலமும்தான் காரணம். போல்ட்டை முதலில் கையாலேயே சுற்ற வேண்டும். மூன்று நான்கு சுற்று தடையில்லாமல் ஏறிய பிறகே ஸ்பேனரைத் தொட வேண்டும். காப்பர் வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும். பழைய வாஷர் நசுங்கியிருக்கும்; அதில் கசிவை நிறுத்தப் பார்க்கும்போதுதான் அதிக பலம் போட்டு மரையைக் கெடுக்கிறோம். ஃபில்டருக்கு ஸ்பேனரே வேண்டாம். வளையத்தில் கொஞ்சம் புது ஆயிலைத் தடவி, அது போய் முட்டிய பின் கையால் முக்கால் சுற்று இறுக்கினால் போதும்.

பாதுகாப்பில் மட்டும் எந்தச் சலுகையும் கிடையாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டே குனிய வேண்டும். லோடு இறக்கிய சரக்கு வண்டிக்கு அடியில் பெரும்பாலும் ஜாக்கி இல்லாமலே கை எட்டும். நெடுந்தூரம் ஓடி வந்த சூட்டோடு போல்ட்டைத் தொடாதீர்கள், கை வெந்துவிடும். கையுறை போடுங்கள். பழைய ஆயிலில் உள்ள சில பொருள்கள் நாள்பட்ட பழக்கத்தில் புற்றுநோயைத் தரக்கூடியவை. கடைகளில் வெறுங்கையோடு நாள் முழுக்க அதிலேயே வேலை செய்யும் பையன்களைப் பற்றியும் நாம் கவலைப்பட வேண்டும்.

5. "கறுத்துவிட்டதே, ஸ்டிக்கரில் போட்ட கிலோமீட்டரும் வந்துவிட்டதே"

டீசல் வண்டியில் புது ஆயில் ஊற்றி ஓரிரு நாள் ஓட்டினாலே கறுத்துவிடும். கரியைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொண்டு, இன்ஜினின் பாகங்களில் படியவிடாமல் காப்பதே நல்ல ஆயிலின் வேலை. நிறத்தை வைத்து ஆயில் கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பதை வண்டியின் புத்தகம் சொல்கிறது. நிறுத்தி நிறுத்தி ஓடும் வண்டிக்கும், மலைப்பாதையில் பார லோடு இழுக்கும் வண்டிக்கும் அந்த அளவைக் குறைக்க வேண்டும். அதையும் புத்தகமே சொல்லியிருக்கும்.

கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் அளவு கூடியிருந்தால் பல பேர் நல்லது என்று நினைக்கிறார்கள். அது ஆபத்து. பிஎஸ்-6 வண்டியில் வடிகட்டியைச் சுத்தம் செய்யும் வேலை பாதியில் நின்றுபோய்க்கொண்டே இருந்தால், அதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் ஆயிலில் இறங்கிச் சேரும். முகர்ந்தால் டீசல் வாடை தெரியும். அந்த ஆயில் பாகங்களுக்கிடையே படலமாக நிற்காது. மோர் நிறத்தில் வெளுத்திருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கலக்கிறது, ஹெட் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டும். வடித்த ஆயிலை வெளிச்சத்தில் சாய்க்கும்போது மினுமினுவென்று உலோகத் தூள் தெரிந்தால் பேரிங் தேய்கிறது. இந்த மூன்றையும் முன்கூட்டியே கண்டுபிடித்தவர் சில ஆயிரத்தில் தப்பிக்கலாம். விட்டவர் இன்ஜினைப் பிரிக்க வேண்டியிருக்கும். கடையில் அந்த ஆயில் நேராகப் பேரலுக்குள் போய்விடுகிறது. அதைச் சாய்த்துப் பார்க்க அங்கே யாருக்கும் நேரம் இல்லை.

6. "வாரண்டி போய்விடும்"

இதை மறுக்க மாட்டேன். வாரண்டி இருக்கும் காலத்தில் கம்பெனி சொன்ன இடத்தில், சொன்ன கிலோமீட்டரில் சர்வீஸ் செய்து, பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த வாதம் பைபாஸ் ஓரக் கடைக்கும் சேர்த்தே பொருந்தும். வாரண்டி உள்ள வண்டியை அங்கேயும் விடக் கூடாது. வாரண்டி முடிந்தபின் பல வருடம் ஓடப்போகிற வண்டியைப் பற்றியே நான் பேசுகிறேன்.

7. "பழைய ஆயிலை என்ன செய்வது?"

எதிர்த் தரப்பின் வாதங்களில் கனமானது இது. பழைய ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றுபவர் தன் ஊர்க் கிணற்றில்தான் அதை ஊற்றுகிறார். அப்படிச் செய்வதாக இருந்தால் தயவுசெய்து ஆயில் மாற்றவே வேண்டாம். 2016-ம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள் இதையும் அபாயக் கழிவாகவே வைத்திருக்கின்றன. ஆயில் தயாரிப்பவர்களும் இறக்குமதி செய்பவர்களும் பழைய ஆயில் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. எனவே வடித்த ஆயிலைச் சிந்தாமல் மூடிய கேனில் சேர்த்து, அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையத்திலோ, உரிமம் உள்ள சேகரிப்பாளரிடமோ கொடுக்க வேண்டும்.

கடையில் விட்டால் இந்தப் பிரச்சினை தீர்ந்தது என்றும் நினைக்காதீர்கள். அந்தப் பேரல் எங்கே போகிறது என்று கேட்டுப் பாருங்கள். சென்ட்ரிங் பலகைக்குத் தடவவும், சூளையில் எரிக்கவும் வேஸ்ட் ஆயில் வாங்கப்படுவது ஊரறிந்த செய்தி. உங்கள் கையில் இருக்கும் கேனுக்கு நீங்கள் பொறுப்பு. கடைப் பேரலுக்கு யார் பொறுப்பு என்பது பல இடங்களில் தெளிவாக இல்லை.

யாருக்குக் கடை சரி?

நிறுத்திச் செய்யச் சமதரை இடமில்லாதவர்கள், குனிய நிமிர உடம்பு ஒத்துழைக்காதவர்கள், தொடர்ந்து லைனிலேயே இருப்பவர்கள் கடைக்குப் போகலாம். போனாலும் பக்கத்திலேயே நில்லுங்கள். சீல் கேனை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள். சொட்டும் வரை காத்திருக்கச் சொல்லுங்கள். பழைய ரப்பர் வளையம் ஃபில்டரோடு வந்துவிட்டதா என்று பாருங்கள். புது வாஷர் கேளுங்கள். இன்ஜினை ஓடவிட்டு, அணைத்து, சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை நீங்களே உருவிப் பாருங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவில் நிற்க வேண்டும். மேல் கோட்டைத் தாண்டினால் கிராங்க் அடித்து நுரை கட்டும், அதுவும் கெடுதல்தான்.

லாரி உரிமையாளர் சங்கங்களும் வேன் ஸ்டாண்டுகளும் இதில் செய்ய வேண்டியது இருக்கிறது. ஒவ்வொரு ஸ்டாண்டிலும் மூடியுள்ள ஒரு சேகரிப்புப் பேரல், உரிமம் உள்ளவரோடு ஓர் ஒப்பந்தம், புதிதாக வண்டி எடுப்பவர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி. இதற்குப் பெரிய செலவு ஆகாது. வண்டியை ஓட்டத் தெரிந்தவர்களை நாம் நிறைய உருவாக்கிவிட்டோம். அதைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த முதலாளிகளையும் உருவாக்க வேண்டிய பொறுப்பு அந்தச் சங்கங்களுக்கு உண்டு.