கிழட்டு நாய்க்கு அரைப்பேர்

"மனுசனுக்கே திங்க வழியில்ல, நாய்க்கு முட்டையாம்!" இந்த வசனத்தை நாங்க யட்டியாந்தோட்டைப் பக்கமும் கேட்டிருக்கோம், இறக்குவானைப் பக்கமும் கேட்டிருக்கோம். சொல்றவங்க பொல்லாதவங்க இல்ல, பெரும்பாலும் எங்க வீட்டு ஆட்கள்தான். வெளியாள் சொல்லியிருந்தா சிரிச்சிட்டுப் போயிருப்போம். வீட்டு ஆள் சொல்றதாலதான் பதில் எழுத வேண்டியிருக்கு.

லயத்து நாய் யாருக்குச் சொந்தம்னு கேட்டா தெளிவான பதில் வராது. ஆறு காம்பராக்காரங்களும் ஆளுக்கொரு பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க, எல்லாப் பேருக்கும் அது வாலாட்டும். ராத்திரி காட்டுப்பன்னி இறங்கினா குரைக்கும். இஸ்தோப்புல பாம்பு ஏறினா முதல் சத்தம் அதோடதுதான். விடியக்காலம் பெரட்டுக்குப் போறவங்களோட பாதி மலை வரைக்கும் நடந்துட்டுத் திரும்பி வரும். இத்தனைக்கும் கூலி ஒரு சட்டிச் சோறு. பத்து, பன்னிரண்டு வயசாகி, கண்ணுல வெள்ளை படர்ந்து, பின்னங்கால் இழுக்க ஆரம்பிச்சதும் அந்தச் சட்டி சின்னதாகிடுது. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கிறதில்ல. குரைக்கிற இளசுக்கு முதல்ல போடுறாங்க, மிச்சம் இருந்தா கிழடுக்கு. அவ்வளவுதான்.

இந்தக் கணக்கு எங்களுக்குப் புதுசு இல்ல. தோட்டம் கேக்கிற கிலோவுக்குக் கொழுந்து நிறுவைல குறைஞ்சா அரைப்பேர். கேகாலைப் பக்கம் இறப்பர் மரத்துல பால் வெட்டுறவங்களுக்கும் கிலோக் கணக்கு உண்டு. 2021இல் ஆயிரம் ரூபா வந்தப்பவும் சரி, 2024 செப்டெம்பர்ல 1,350 ரூபா அடிப்படைச் சம்பளம் வர்த்தமானியில வந்தப்பவும் சரி, அந்தக் கிலோக் கணக்கு கூடவேதான் வந்துச்சு. வயசாகிப் பேர் நின்னுபோன அம்மாயிமார் கைக்காசுக்கு மலை ஏறுறதை நாங்க பார்த்துக்கிட்டுத்தான் வளர்ந்தோம். உழைப்பு குறைஞ்சா பங்கு குறையும். தோட்டம் பல தலைமுறையா எங்க தலையில ஏத்தின பாடம் இது. அந்தப் பாடத்தை நாங்க இப்ப நாய்கிட்ட ஒப்பிச்சுக்கிட்டு இருக்கோம்.

"மனுசரையும் நாயையும் ஒண்ணா வைக்கிறீங்களா?" அப்படின்னு கோபம் வரும். வரட்டும். எங்க ஆட்களை நாய்னு திட்டின வாய்களை நாங்களும் கேட்டிருக்கோம், அந்த வலி தெரியாம எழுதல. சட்டியைச் சின்னதாக்குற கணக்கு யாரோடதுன்னு மட்டும் கேக்கிறோம். கிழடுக்கு ஒரு முட்டை போட்டதால எந்தப் பிள்ளையும் பட்டினி கிடக்கல. பிள்ளைங்க பட்டினிக்குக் காரணமானவங்க வேற இடத்துல இருக்காங்க. அவங்களைக் கேக்க வேண்டிய கேள்வியை நாய்ச்சட்டிக்கிட்ட கேட்டு என்ன பிரயோசனம்?

இன்னொரு பக்கம் இருந்தும் ஒரு பொய் வருது. வயசான நாய்க்கு மூட்டு வலியா, குளுக்கோசமின் மாத்திரை வாங்கு, சமன் மீன் எண்ணெய் வாங்கு, 'சீனியர்' பை வாங்குன்னு போன்ல ஓயாம வீடியோ ஓடுது. 2022 டொலர் தட்டுப்பாட்டுக்கப்புறம் இறக்குமதிப் போத்தலோட விலையை யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். இதைப் பார்க்கிற எங்க பிள்ளைங்க "நம்மால முடியாது"ன்னு முடிவு கட்டிடுறாங்க. அதுதான் எங்களுக்கு எரிச்சல். நாய், பூனை மூட்டு நோய்க்குக் கொடுக்கிற இந்த மாதிரிச் சத்துப் பொருள்களைப் பத்தின ஆய்வுகளை ஒண்ணு சேர்த்து அலசின ஒரு கட்டுரை 2022இல் வந்துச்சு. ஒமேகா-3 கொழுப்புக்கு வலியைக் குறைக்கிற பலன் இருக்குன்னும், குளுக்கோசமின்-கொண்ட்ரோய்ட்டின் சோடிக்கு அப்படிப் பலன் தெரியலன்னும் அது சொல்லுது. ஒமேகா-3 எங்க இருக்கு? மீன் வண்டியில வர்ற சாளையில இருக்கு. வாரத்துக்கு ரெண்டு சாளை மருந்து அளவுக்கு ஈடாகாதுதான். ஆனா வேலை செய்யாத மாத்திரைக்குக் கடன் வாங்குறதை விட அது எவ்வளவோ மேல்.

சோறு நாய்க்கு ஆகாதுன்னு சொல்றவங்களும் இருக்காங்க. ஓநாய்க்கு வேணும்னா ஆகாம இருக்கலாம். மாப்பொருளைச் செரிக்க உதவுற மரபணு நாய்க்கு ஓநாயை விடப் பல மடங்கு பெருகியிருக்குன்னு 2013இல் 'நேச்சர்' சஞ்சிகையில ஆய்வு வந்தாச்சு. மனுசரோட வயலோரம் வாழ்ந்து வாழ்ந்து வந்த மாற்றம் அது. அதனால சோறு போடுங்க, தப்பில்ல. வெறும் சோறும் குழம்புத் தண்ணியும் மட்டும் போடுறதுதான் தப்பு. வயசானா புரதம் குறைக்கணும்னு ஒரு பேச்சு இருக்கு. சிறுநீரகம் நல்லா இருக்கிற கிழட்டு நாய்க்கு அது பொருந்தாது. சதை கரையிற வயசுல அதுக்குப் புரதம் குறையவே கூடாது.

சரி, என்னதான் போடுறது? பன்னிரண்டு கிலோ அளவுள்ள லயத்து நாய்னு வச்சுக்குவோம். குழைய வடிச்ச சோறு தேத்தண்ணிக் கோப்பையால ரெண்டு. அவிச்ச முட்டை ஒண்ணு. கூடவே முள் எடுத்த மீன் ஒரு பிடி, இல்லாட்டிக் கோழிக்கடையில மலிவாக் கிடைக்கிற ஈரல் கொஞ்சம் (ஈரல் வாரத்துக்கு ரெண்டு தடவை போதும், அதுக்கு மேல வேண்டாம்). பூசணிக்காயோ முருங்கைக்கீரையோ அவிச்சு மசிச்சது ஒரு கரண்டி. இது ஒரு நாளைக்கு. மூணா பிரிச்சுப் போடுங்க, ஒரே நேரத்துல கொட்டினா கிழட்டு வயிறு தாங்காது. முட்டை, மீன் இல்லாத நாள்ல சோயா மீட் போடலாம், ஆனா பைக்குள்ள வர்ற மசாலாப் பக்கெட்டைப் போடக்கூடாது. நெத்தலிக் கருவாடுன்னா ராத்திரியே ஊறப்போட்டு, ரெண்டு தண்ணி மாத்தி உப்பை எடுத்துடணும். சோறும் இறைச்சியும் மட்டும் தின்னா கல்சியம் குறையும். அதுக்கு முட்டைக் கோதைக் கழுவி, அவிச்சு, தகரத்துல காயப்போட்டு, அம்மியில மாவா அரைச்சா அரைத் தேக்கரண்டி ஒரு நாளைக்குக் காணும். இதுல எல்லாச் சத்தும் வந்துடாது. ஆனா இப்ப விழுற குழம்புத் தண்ணியோட பக்கத்துல வச்சுப் பாருங்க.

தேங்காய் ரொட்டியைத் தேயிலைத் தண்ணியில நனைச்சுப் போடுற பழக்கம் எல்லா லயத்துலயும் உண்டு, அன்பாத்தான் செய்றாங்க. வெந்நீர்ல நனைங்க, சீனியும் சாயமும் அதுக்கு எதுக்கு? வெங்காயம் நாயோட இரத்தச் சிவப்பணுவைக் கெடுக்கும், அதனால குழம்பு ஊத்துறதுக்கு முன்னாடியே அதோட பங்கை எடுத்து வச்சிடுங்க. வெந்த கோழி எலும்பு கூரா உடைஞ்சு குடலைக் குத்தும். தீபாவளிக்கு மறுநாள் ஆட்டுக் கொழுப்பை மொத்தமாத் தட்டுறதும் ஆபத்து. கால் இழுக்குதேன்னு பனடோலும் வோல்டாரனும் கொடுக்கிறாங்க, அதைச் சொல்லாம விட முடியாது. ரெண்டும் நாயைக் கொல்லலாம்.

நல்லாச் சாப்பிட்டும் மெலியுது, குடம் குடமாத் தண்ணி குடிக்குது, ஓயாம மூத்திரம் போகுதுன்னா அது சிறுநீரகமோ சீனி வியாதியோ. அங்க எங்க சமையல் குறிப்பு உதவாது, மிருக வைத்தியர் வேணும். வைத்தியர் எங்க இருக்கார்? பெரும்பாலான தோட்டத்துல இருந்து டவுனுக்கு. நாயை பஸ்ல ஏத்த மாட்டாங்க, திரீவீலருக்கு ஒரு நாள் சம்பளம் போயிடும். போனாலும் நோயைத் தமிழ்ல சொல்லி, பதிலைத் தமிழ்ல கேக்க முடியுமான்னா அது அதிர்ஷ்டம். இந்த நாட்டுச் சட்டம் நாயை எப்படிப் பார்த்துச்சு? 1893இல் விசர்நாய்க் கட்டளைச் சட்டம், 1901இல் நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டம். மிருகவதைத் தடுப்புன்னு 1907இல் போட்ட சட்டத்தோட 100 ரூபா அபராதம் நூறு வருசம் தாண்டியும் மாறாம இருந்துச்சு. 2006இல் தெருநாய்களைக் கொல்றதை நிறுத்துறதா அரசு கொள்கை எடுத்தது நல்லதுதான். விசர்நாய்த் தடுப்பூசியும் இலவசம். ஊசியோட தோட்டத்துக்கு வர்ற வண்டியில, தமிழ் தெரிஞ்ச ஒருத்தரோட, ஒரு மணி நேரம் கூடுதலா நின்னு கிழட்டு நாய்களையும் பார்த்துட்டுப் போங்கன்னு கேக்கிறது பெரிய கோரிக்கையா? தோட்டக் கமிட்டிகளும் சங்கங்களும் இதைக் கேக்கலாம். கேட்டா சிரிப்பாங்கன்னு பயந்துதான் யாரும் கேக்கிறதில்ல.

அதுவரைக்கும் எங்க யோசனை இது. லயத்துல ஆறு காம்பரா இருந்தா வாரத்துக்கு ஆறு முட்டை, வீட்டுக்கு ஒண்ணு. ஏழாவது நாளுக்கு மீன்காரர்கிட்ட ரெண்டு சாளை. யார் வீட்டுச் சட்டின்னு சண்டை வராம இருக்க, கிழடுக்குன்னு தனியா ஒரு சிரட்டையோ தட்டோ ஒரே இடத்துல வச்சிடுங்க, பக்கத்துல தண்ணியும். பல்லு இல்லாததால அது மெதுவாத்தான் திங்கும், அதுக்குள்ள இளசுங்க வந்து பறிக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை ஒண்ணை அங்க குந்தச் சொல்லுங்க. பத்து நிமிசம் போதும்.