கடைமடையிலிருந்து மேலே போக வழி வேண்டாமா?



நம்மிடம் யாராவது ‘ட்ரீ’ என்று சொன்னால் என்ன ஞாபகம் வருகிறது? மேலே ஒரு வட்டம், அதிலிருந்து இடது பக்கம் ஒரு கோடு, வலது பக்கம் ஒரு கோடு. ரெக்கார்டு நோட்டில் இன்செர்ட் எழுதி, மூன்று வகை டிராவர்சலும் எழுதி, அவுட்புட் ஒட்டிவிட்டால் நமக்கு அந்தப் பாடம் முடிந்தது. அது முடியவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. சிவில், மெக்கானிக்கல் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இது நம்ம ஊர் வாய்க்கால் கதையும்தான்.

தகவலை வைக்கிற இடத்துக்குக் கணு என்று பெயர். கரும்பில் இருக்கிறதே, அதே கணுதான். மேலே இருப்பது தாய்க்கணு, அதிலிருந்து பிரிவது சேய்க்கணு. ஒரு தாய்க்கு எத்தனை சேய் வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் ஒரு சேய்க்கு ஒரே தாய். தாயே இல்லாத கணு ஒன்றே ஒன்று, அதுதான் வேர். இந்த மரத்தில் வேர் உச்சியில் இருக்கும், இலை அடியில் தொங்கும். இப்படித் தலைகீழாக நட்ட புண்ணியவான் யாரோ!

இப்போது கம்பம் பள்ளத்தாக்கைப் பாருங்கள். 1895-ல் பெரியாறு அணை வந்தது. அங்கே தேங்கும் தண்ணீர் தேக்கடி வழியாக மலையைக் குடைந்து லோயர் கேம்ப் பக்கம் இறங்குகிறது. ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கிளை வாய்க்கால், அதிலிருந்து மடை, மடையிலிருந்து வயல். அச்சு அசலாக ஒரு ட்ரீ. இந்தத் தண்ணீரை நம்பிப் பள்ளத்தாக்கில் இருபோகம் நெல் விளையும் நிலம் 14,707 ஏக்கர். உத்தமபாளையம் வட்டத்தில் 11,807, தேனி வட்டத்தில் 2,412, போடி வட்டத்தில் 488. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். சேய்களின் கூட்டுத்தொகை தாயின் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

நாம் லேபில் எழுதுகிற புரோகிராமில் தாய்க்குச் சேயைத் தெரியும், சேய்க்குத் தாயைத் தெரியாது. பாயிண்டர் கீழ்நோக்கி மட்டும்தான். தண்ணீர் கீழே போக அது போதும். ஆனால் கடைமடையில் ஒரு வயல் காய்கிறது என்று வையுங்கள். எந்த மடை அடைத்திருக்கு, எந்தக் கிளையில் உடைப்பு என்று அங்கிருந்துதானே மேலே ஏறிப் பார்க்கணும்? தண்ணீர் மேலிருந்து கீழே வரும், புகார் கீழிருந்து மேலே போகணும். மேல்நோக்கிப் பாயிண்டர் இல்லாவிட்டால் என்ன ஆகும்? காய்ந்த வயலின் மடையைக் கண்டுபிடிக்கவே வேரிலிருந்து ஆரம்பித்துத் தேட வேண்டும். ஏக்கருக்கு ஒரு கணு என்று வைத்தால், நேரம் சரியில்லை என்றால் 14,707 கணுவையும் தட்டிப் பார்க்க வேண்டியதுதான். தாய்க்கு ஒரு பாயிண்டர் இருந்தால் வயல், மடை, கிளை, வாய்க்கால், ஆறு என்று நாலே தாவல்.

‘மெமரி வீணாகுமே’ என்கிறார்கள் சில சீனியர் அண்ணன்கள். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 64 பிட் கம்ப்யூட்டரில் ஒரு பாயிண்டருக்கு 8 பைட். 14,707 கணுவுக்கு 1,17,656 பைட். நம் செல்போனில் எடுக்கிற ஒரு போட்டோவுக்குக்கூடக் காணாது! இதற்கா இத்தனை சிக்கனம்?

ஆனால் பாயிண்டர் இரண்டு திசையிலும் இருந்தால் பொறுப்பும் இரண்டு மடங்கு. அதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். 1996-ல் மதுரை மாவட்டத்தைப் பிரித்துத் தேனி மாவட்டம் ஆக்கினார்கள். உத்தமபாளையம் வட்டத்துக்குத் தாய் மாறியது. அதன் கீழே தொங்குகிற கிராமங்களைத் தனித்தனியாகத் தொட வேண்டியதில்லை, வட்டத்தோடு சேர்ந்து வந்துவிடும். மரத்தின் அழகே அதுதான். ஆனால் வேலை மூன்று உண்டு. பழைய தாயின் பட்டியலில் பெயரை எடுக்கணும், புதிய தாயின் பட்டியலில் சேர்க்கணும், சேயிடம் ‘இனி உன் தாய் இவர்’ என்று எழுதணும். முதல் வேலையை விட்டால் ஒரே வட்டம் இரண்டு மாவட்டக் கணக்கிலும் ஏறும். மூன்றாவதை விட்டால் கீழிருந்து போகிற புகார் இன்னும் மதுரைக்கே போய்க்கொண்டிருக்கும்.

அடுத்தது அழிப்பது. இதில்தான் எனக்கு ஆத்திரமே. சேய்களுக்கு வழி பண்ணாமல் தாய்க்கணுவை ஃப்ரீ செய்துவிட்டால் கீழே இருக்கிற அத்தனையும் அனாதை. மெமரியில் இருக்கும், ஆனால் போய்ச் சேர வழி இருக்காது. எங்கள் வீட்டில் இது நிஜமாகவே நடந்தது. தாத்தா காலமாகி வருஷக்கணக்காகியும் பட்டா அவர் பெயரில்தான் இருந்தது. அப்பாவும் சித்தப்பாக்களும் வாய்ப்பேச்சில் பாகம் பிரித்து உழுதார்கள். வயலில் சேய்க்கணு நாலு, புத்தகத்தில் ஒன்றுகூட இல்லை. பயிர்க்கடன் கேட்டுப் போன இடத்தில், “உங்க பேரு எங்கய்யா இருக்கு?” என்றார்கள். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த அப்பாவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வாரிசுச் சான்று, வாரிசுச் சான்று என்று அலைந்தோமே, அது வேறொன்றுமில்லை, இறந்த தாய்க்கணுவின் சேய்ப் பட்டியல்தான்! தாள் ஒன்றில் வட்டமும் கோடும் போட்டு அப்பாவிடம் காட்டினேன். “இதத்தான் காலேஜில படிக்கிறியா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

சர்வே துறைக்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள் என்பது என் அபிப்பிராயம். 212 என்ற புல எண்ணைப் பிரித்தால் 212/1, 212/2. அந்த இரண்டைப் பிரித்தால் 212/2ஏ, 212/2பி. இன்னும் பிரித்தால் 212/2ஏ1. சேயின் பெயரிலேயே வேர் வரைக்கும் வழி எழுதியிருக்கிறது பாருங்கள். ஆள் பெயரை நம்பினால் ஆபத்து. நம்ம பக்கம் பேரனுக்குத் தாத்தா பெயரைத்தானே வைக்கிறோம்? பெயரை மட்டும் பார்த்து இணைத்தால் புரோகிராம் தாத்தாவைப் பேரனுக்குப் பிள்ளையாக்கிவிடும். அப்புறம் மேலே ஏற ஏற வேரே வராது, சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். ஆகவே ஒரு கணுவை இடம் மாற்றும் முன், புதிய தாயிலிருந்து வேர் வரை ஏறி, நடுவில் இதே கணு வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஐந்தாறு வரி கோடு, அவ்வளவுதான்.

ஜூனியர் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். மினி புராஜெக்ட் என்றாலே லைப்ரரி மேனேஜ்மென்ட், ஹோட்டல் பில்லிங் என்று போகிறீர்களே, இந்தத் தடவை உங்க ஊர் வாய்க்காலை எடுங்களேன். சேர்ப்பது, இடம் மாற்றுவது, அழிப்பது மூன்றையும் எழுதுங்கள். மடைப் பெயர்களை நீர்ப் பாய்ச்சுகிற பெரியவர்களிடம் கேளுங்கள், அவர்களுக்கு மனப்பாடம். கேட்கும்போது தலைமதகிலிருந்து ஆரம்பிக்காமல் கடைமடை வயலிலிருந்து ஆரம்பியுங்கள்.